200 பார்னு சொல்லி 183 பார் குடுக்கறவங்களுக்கு

மறுபடியும் அதேதான். டைவிங்குக்குக் காத்து நிரப்பிக் குடுக்கற டேங்க், கரையில அழுத்தத்தைக் காட்டற கேஜ்ல 200 பார் (அழுத்தத்தோட அளவு) காட்டுது. படகு ஸ்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, மூச்சு விடற ரெகுலேட்டரை மாட்டித் திறந்தா 183. கேட்டா, "கேஜ் முன்னப்பின்ன காட்டும்"ங்கறாங்க. கேஜ் மேல பழியைப் போடாதீங்க. கேஜ் ஒழுங்காத்தான் இருக்கு. நீங்க நிரப்புன விதம்தான் ஒழுங்கா இல்ல.

அந்த டேங்க் என்ன பாடு பட்டுச்சுன்னு நமக்கெல்லாம் தெரியாதா? 11.1 லிட்டர் அலுமினிய டேங்க், வேலை அழுத்தம் 207 பார். முந்தின டைவ்லேருந்து 30 பாரோட வந்து நிக்குது. வால்வு வாயில கடல் தண்ணி ஒரு சொட்டு. வால்வை அரை செகண்ட் திறந்து மூடுனா அந்தச் சொட்டு வெளியே பறந்துடும். அரை செகண்ட்! திறக்கல. காத்து ஏத்தற ஹோஸ் முனையையும் ஊதல. அப்படியே மாட்டியாச்சு. இப்ப அந்த உப்புத்தண்ணி முழுசும் காத்தோட சேர்ந்து உள்ளதான் போகும். இரும்பு டேங்கா இருந்தா உள்ள துரு பிடிக்கும். அந்தத் துரு டேங்க்ல இருக்கற ஆக்சிஜனையே தின்னும். மாசக்கணக்கா நிரப்பி வெச்ச ஈர டேங்க்ல மூச்சு விடறது எவ்வளவு ஆபத்துன்னு தெரிஞ்சுதான் செய்யறீங்களா? அலுமினியம்னா வெள்ளைப் பொடியும் குழியும்.

அடுத்து, காத்தைச் சேமிச்சு வெக்கற பேங்க் சிலிண்டர் 250 பார்ல நிக்குது. நிரப்பற வால்வை மெதுவா, காதால கேட்டுக் கேட்டுத் திறக்கணும். ஒரே திருப்புல முழுசாத் திறந்தாச்சு. முள்ளு 60, 100, 150னு ஓடுது. 2 நிமிஷத்துல 200. கதை முடிஞ்சது, கழட்டு, அடுத்ததைக் கொண்டா. நிமிஷத்துக்கு 20லேருந்து 40 பார் ஏத்த வேண்டிய இடத்துல 85 பார் ஏத்தியிருக்கீங்க. டேங்க் கையில சுடுது. சுட்டா என்ன அர்த்தம்? உள்ள இருக்கற காத்து சூட்டால வீங்கி 200 காட்டுது. உள்ள 55 டிகிரின்னு வெச்சுக்குங்க, கடல் 28 டிகிரி. ஆறுனதும் 183தான் நிக்கும். கணக்கு அவ்வளவுதான், கேஜுக்கு இதுல பங்கே இல்ல.

போன 17 பார் சின்ன விஷயமா? 11.1 லிட்டரால பெருக்குங்க, கிட்டத்தட்ட 190 லிட்டர் காத்து. தண்ணிக்கு மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கறவர், அழுத்தம் 3 மடங்கா இருக்கற 20 மீட்டர் ஆழத்துல 60 லிட்டர் இழுப்பார். அவரோட 3 நிமிஷ மூச்சு அது. நீங்க கரையில மிச்சம் பிடிச்ச நிமிஷமெல்லாம் அவர் கணக்குலேருந்துதான் போகுது.

மெதுவா ஏத்துங்க, ஓரமா வெச்சு ஆறவிடுங்க, மறுபடி மாட்டி 200க்குக் கொண்டு வாங்க. இது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. அதை விட்டுட்டு, "ஆறுனா குறையும்ல, அதான் 235 ஏத்திட்டேன்"னு பெருமை வேற! எவ்வளவு சூடுன்னு அளக்காம, எவ்வளவு குறையும்னு எப்படித் தெரியும்? 207 பார்னு டேங்க் தோள்ல குத்தியிருக்கறது அலங்காரத்துக்கா?

இன்னொரு கூட்டம் டேங்கைத் தண்ணித் தொட்டியில முக்கி வெச்சு நிரப்புது. சூடு உள்ள காத்துல இருக்கு, வெளியே இருக்கற தண்ணி அந்த வேகத்துக்கு அதை இழுக்காது. 2 நிமிஷத்துல திணிச்சா தொட்டியில இருந்தாலும் சுடத்தான் செய்யும். பலன் கொஞ்சம், வால்வுக்குள்ளயும் ஹோஸுக்குள்ளயும் தண்ணி போற வழி மட்டும் நல்லா அகலமாத் திறந்திருக்கு.

காத்து எங்கேருந்து வருதுன்னு பார்த்தா வயிறு எரியுது. கம்ப்ரசர் காத்து இழுக்கற குழாய்க்குப் பக்கத்துலயே ஜெனரேட்டர் புகை. காலையில காத்து அந்தப்பக்கம் அடிச்சுது, சரி. மத்தியானம் திசை மாறும்னு கடற்கரையில குடியிருக்கறவங்களுக்குத் தெரியாதா? கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஐரோப்பியத் தரம் இஎன் 12021, 5 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 5 பங்குக்கு) மேல கூடாதுங்குது. 30 மீட்டர்ல அழுத்தம் 4 மடங்கு, அந்த 5 அங்க 20 மாதிரி வேலை செய்யும். "ஃபில்டர் இருக்குல்ல"ன்னு சொல்லாதீங்க. மோனாக்சைடை மாத்தற ஹாப்கலைட் உலர்ந்த காத்துலதான் வேலை செய்யும். அதுக்கு முன்னாடி இருக்கற மாலிக்யுலர் சீவ் ஈரம் குடிச்சு நிறைஞ்சுட்டா ஹாப்கலைட்டும் செத்துது. கால் மணிக்கொரு தடவை கம்ப்ரசர்ல சேர்ற தண்ணியை (கண்டன்சேட்) வெளியேத்தற வடிகால் வால்வைத் திறக்கணும், வடிக்கறதில்ல. கம்ப்ரசரைக் கொட்டாயில அடைச்சுச் சூடேத்தினா ஃபில்டர் ஆயுசு இன்னும் சுருங்கும். ஓடுன மணிக்கணக்கை எழுதி வெக்கற நோட்டைக் கேளுங்க, காட்டச் சொல்லுங்க. முழிப்பாங்க.

டைவர்களே, நீங்களும்தான். டேங்கைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிட்டு வால்வைத் திறந்து போட்டுட்டு வராதீங்க. 20, 30 பாராவது மிச்சம் வெச்சு மூடிக் கொண்டு வாங்க, தண்ணி உள்ள ஏறாது. கண்ணால பார்க்கற உட்பரிசோதனை வருஷத்துக்கு ஒரு தடவை நடந்துச்சான்னு கேளுங்க. தண்ணி அழுத்தம் குடுத்து டேங்கைச் சோதிக்கற ஹைட்ரோ டெஸ்ட் தேதி டேங்க் தோள்லயே குத்தியிருக்கும், குனிஞ்சு படிங்க. படிக்க முடியாதபடி அது மேல மீன் ஸ்டிக்கரை ஒட்டி வெச்சிருக்கறவங்க அதைக் கிழிங்க முதல்ல.

அப்புறம் ஒண்ணு, டேங்கைப் படகுல நிமிர்த்தி வெச்சுட்டு போன் பேசப் போறவங்களே! வெறும் டேங்கே 14 கிலோ, நிறைச்சா 2 கிலோவுக்கு மேல காத்து வேற. அலை ஆடும், அது சாயும், கால் விரல் எங்களோடது. படுக்க வெச்சுக் கட்டுங்கய்யா!