ரன்சியில் ஓட்டை வந்தால் உங்கள் சர்வரில் யார் அடைப்பார்கள்?

கன்டெய்னர், அதாவது ஒரு அப்ளிகேஷனைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி. அதன் பாதுகாப்பு என்றதும் எல்லோரும் இமேஜை, அதாவது கன்டெய்னர் உருவாகும் அச்சை, ஸ்கேன் பண்ணுவதைப் பற்றியே பேசுகிறோம். அந்த இமேஜை ஓட்டுகிற ரன்சி மாதிரியான கருவி சர்வருக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. டெவலப்பர் தளத்திலிருந்து பைனரியை (ஓடத் தயாரான நிரல் ஃபைலை) நேராக இறக்கி, சிஸ்டம் நிரல்களைத் தேடும் பாத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இது தப்பு என்பதே என் கட்சி. டெபியன், ஃபெடோரா மாதிரியான லினக்ஸ் டிஸ்ட்ரோ தருகிற பேக்கேஜைத்தான் போட வேண்டும்.

2019 பிப்ரவரியில் ரன்சியில் வந்த ஓட்டையைப் பாருங்கள். டாக்கர், கன்டெய்னர்டி மாதிரி கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கருவிகள் எல்லாமே கடைசியில் கன்டெய்னரைக் கிளப்ப நம்பியிருப்பது ரன்சி என்ற அந்தச் சின்ன நிரலைத்தான். கன்டெய்னருக்குள் ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) இருக்கும் ஒருவர், ஓடும் ப்ராசஸ்களின் விவரம் காட்டும் ப்ராக் ஃபைல்சிஸ்டம் வழியாக ஹோஸ்டில், அதாவது கன்டெய்னர் ஓடும் சர்வரில், இருக்கும் ரன்சி பைனரியையே மாற்றி எழுத முடிந்தது. ஓடும் கன்டெய்னருக்குள் ஏதாவது ஓட்ட நீங்கள் சாதாரணமாக ஒரு 'டாக்கர் எக்ஸெக்' கமாண்ட் அடித்தாலே போதும், அவர் வேலை முடிந்தது. அடுத்த முறை ரன்சி ஓடும்போது அவருடைய கோடு ஹோஸ்டில் ரூட்டாக ஓடும். ரன்சி தன்னை மெமரியில் ஒரு நகலெடுத்து, அதற்கு சீல் வைத்து, அந்த நகலிலிருந்து ஓடும்படி மாற்றித்தான் இதைச் சரிசெய்தார்கள்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. ஒரே ஃபெடோராவில், டாக்கருக்கு மாற்றான பாட்மேன் பேக்கேஜ் போட்டிருந்தவர்களை எஸ்இலினக்ஸ் (எந்த ப்ராசஸ் எதைத் தொடலாம் என்று லேபிள் பார்த்துத் தடுக்கும் லினக்ஸ் காவல்) காப்பாற்றியது. டாக்கரின் திறந்த மூல வடிவமான மோபி எஞ்சின் பேக்கேஜ் போட்டிருந்தவர்களைக் காப்பாற்றவில்லை. ஓட்டை ஒன்றுதான், எஸ்இலினக்ஸும் ஒன்றுதான். கன்டெய்னர் ப்ராசஸுக்கு எந்த லேபிள் விழுகிறது என்பதில் மட்டும்தான் வித்தியாசம். பேக்கேஜிங் வெறும் கட்டிக் கொடுக்கிற வேலை என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும்.

2024 ஜனவரியில் மறுபடி ரன்சியில் ஓட்டை. ரன்சியை எழுதுகிறவர்கள் 1.1.12 பதிப்பில் சரிசெய்தார்கள். டெபியன் 12 தன் 1.1.5-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்து அதில் சேர்த்தது. பதிப்பு எண்ணின் வாலில் 'டெப்12யு1' என்று இருக்கும், அதுதான் அடையாளம். இது தெரியாமல் "பழைய வெர்ஷன், ஆபத்து" என்று ரிப்போர்ட் எழுதுபவர்களிடம் வாதாடியே நேரம் போகிறது.

இந்த வழியிலும் சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். இந்தக் கருவிகள் பெரும்பாலும் கோ மொழியில் எழுதப்பட்டவை. ஒரு லைப்ரரியில் பிழை வந்தால், அதை உள்ளே இழுத்துக்கொண்ட ஒவ்வொரு பேக்கேஜையும் மறுபடி பில்ட் பண்ணியாக வேண்டும். கோ பேக்கேஜ்களுக்குப் பாதுகாப்பு ஆதரவு குறைவாகவே இருக்கும் என்று டெபியனே வெளிப்படையாகச் சொல்கிறது. இருந்தாலும் அங்கே அதைக் கவனிக்க ஒரு குழு இருக்கிறது. கையால் இறக்கிப் போட்ட பைனரியை யார் கவனிப்பார்கள்? 2025 நவம்பரில் ரன்சியில் ஒரே நேரத்தில் மூன்று ஓட்டைகள் வெளியாயின. பேக்கேஜாகப் போட்டவர்களுக்கு வழக்கமான அப்டேட்டோடு திருத்தம் வந்து சேரும் வழி இருந்தது. மற்றவர்கள் எந்த சர்வரில் எந்த பைனரி கிடக்கிறது என்று தேடியாக வேண்டும்.

இன்னொன்று. ரூட் ஆகாமலே டாக்கரை ஓட்டும் வசதிக்காக எல்லோரையும் டாக்கர் குரூப்பில் சேர்க்காதீர்கள். அந்தக் குரூப்பில் இருப்பவர் ஹோஸ்டின் மொத்த டிஸ்க்கையும் ஒரே கமாண்டில் கன்டெய்னருக்குள் மவுண்ட் பண்ணிவிடலாம். அது பாஸ்வேர்டே கேட்காத ரூட். முடிந்த இடத்திலெல்லாம், ஹோஸ்டின் ரூட் அதிகாரம் இல்லாமல் ஓடும் ரூட்லெஸ் பாட்மேனுக்கு மாறுங்கள்.