லேத் பட்டறைச் சுருளைப் போட்டால் புஸ்வாணம் பொறி பறக்குமா?

"எந்த உலோகச் சீவலையும் மருந்தில் கலக்கலாம், பொறி அள்ளும், ஆபத்தில்லை" என்ற செய்தி தீபாவளி நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பூப்போல விரியும் பொன்னிறப் பொறி இரும்பில் உள்ள கார்பனால் வருவது. கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீலில் பொறி அவ்வளவாகக் கிளைக்காது. குரோமியம் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சரியாகப் பற்றாது. பித்தளை, செம்பு பொறியே தராது. பட்டறைக் குப்பையில் இவை எல்லாம் கலந்தே கிடக்கும், கூடவே உலோகம் வெட்டும்போது ஊற்றும் கட்டிங் ஆயிலும்.

பொறி வராதது சின்ன விஷயம். உலோகம் தேய்க்கும் பட்டறை கிரைண்டரின் தூளில் சாணைக்கல் துகள் இருக்கும். அந்தக் கரகரப்பு, கலக்கும்போதும் இடிக்கும்போதும் உராய்வை ஏற்றி மருந்தைப் பற்றவைக்கும். அலுமினியத் தூளும் வெடியுப்பும் (பொட்டாசியம் நைட்ரேட்) ஈரம் பட்டால் வினைபுரிந்து அம்மோனியா நாற்றத்தோடு தானே சூடேறும். மூடிய டப்பாவில் மணிக்கணக்கில் கழித்தும் தீப்பிடிக்கலாம். மெக்னீசியம் கலந்த சீவல் எரிந்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஹைட்ரஜன் கிளம்பித் தீ சீறும், உலர்ந்த மணல்தான். பழைய தீக்குச்சி மருந்தையும் சேர்க்கச் சொல்வது இன்னும் மோசம்: அதில் குளோரேட் என்ற ரசாயனம் உண்டு, கந்தகத்தோடு லேசாக உரசினாலே போதும், பற்றிக்கொள்ளும்.

"வீட்டில் செய்தால் சட்டம் கேட்காது" என்பதும் பொய். 2008 வெடிபொருள் விதிகளின்படி பட்டாசு தயாரிக்க உரிமம் வேண்டும்.