ஜூலை 23 திலகரின் நினைவு நாள் அல்ல

அண்ணா, உங்கள் பதிவில் உள்ள 'திலகரும் சுப்பிரமணிய சிவாவும் மறைந்தது ஒரே தேதி, ஜூலை 23' என்ற வரி பாதிதான் சரி. சிவா மறைந்தது 1925 ஜூலை 23, நம்ம பாப்பாரப்பட்டியில். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திலகருக்கு அது பிறந்த நாள் (1856). அவர் காலமானது 1920 ஆகஸ்ட் 1, பம்பாயில். காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் அதே நாள்தான். ஒரே தேதி என்று வியக்க வேண்டுமானால் இதற்குத்தான் வியக்க வேண்டும்! அப்புறம், சந்திரசேகர ஆசாத் பிறந்ததும் ஜூலை 23தான், 1906இல். சிவாவின் மணிமண்டபத்துக்கு மாலை போடப் போகிறவர்கள் அந்தத் தவறான வரியை அப்படியே பேனரில் அடித்துவிடுவார்கள். அதற்குள் பதிவில் அந்த வரியை மட்டும் மாற்றிவிடுங்கள்.