ஊறுகாய்க் கணக்கில் அம்மா எங்கே?

கொடைக்கானல் மேல்மலையில் வணிகவியல் டீச்சர் நான். இந்த வருடம் ப்ளஸ் ஒன் பிள்ளைகளிடம், “புத்தகத்தை மூடுங்க, ஆளுக்கொரு சின்னத் தொழிலுக்குத் திட்டம் எழுதிட்டு வாங்க” என்றேன். முக்கால்வாசிப் பேர் ஹோம்மேட் சாக்லேட். (கொடைக்கானல் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்!) ஒருத்தி மட்டும் மலைப்பூண்டு ஊறுகாய்.

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைகிற இந்தப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் புகையில் காயவைத்து, மூட்டை கட்டி, வடுகபட்டிச் சந்தைக்கு இறக்கிவிடுவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. அதை இங்கேயே பாட்டிலில் அடைக்கலாம் என்று 16 வயதுப் பெண்ணுக்குத் தோன்றியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கணக்கும் சுத்தமாகப் போட்டிருந்தாள். பூண்டு 10 கிலோ 2,000 ரூபாய், நல்லெண்ணெய் 1,400, புளி, மிளகாய்த்தூள் வகையறா 600, கண்ணாடி பாட்டில் 900. ஆக 4,900. அறுபது பாட்டில், ஒன்று 120 ரூபாய் என்றால் 7,200. லாபம் 2,300, சிவப்பு மையில் அடிக்கோடு.

“தோல் உரிக்கிறது யாரு?”

“அம்மாவும் அப்பத்தாவும், டீச்சர்.”

“எத்தனை நேரம்?”

முழித்தாள். மலைப்பூண்டை உரித்தவர்களுக்குத்தான் தெரியும், நகக்கண் இரண்டு நாளைக்கு எரியும். வீட்டில் கேட்டுவிட்டு வந்தாள்: இரண்டு பேருக்கு முழுசாக இரண்டு நாள். காட்டு வேலைக்குப் போயிருந்தால் ஆளுக்கு 400 ரூபாய் கூலி. 1,600 போயிற்று. கேஸும் கொடைக்கானல் போய்வர பஸ்ஸும் 500. மிச்சம் 200. வழியில் மூன்று பாட்டில் உடைந்தால் 160 ரூபாய் கைநஷ்டம்.

வகுப்பில் ஒரு திட்டத்தில்கூட வீட்டுப் பெண்களின் கூலி இல்லை. சாக்லேட் உருக்குவதும் அம்மா, சுற்றுவதும் அம்மா, லாபம் மட்டும் பையன் பெயரில். இதில் இன்னொரு வேடிக்கை. பதினெட்டு வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது; 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தில் இதை நானே நடத்துகிறேன். ஆக, கையெழுத்துப் போட அம்மா வேண்டும், கூலிப் பட்டியலில் மட்டும் வேண்டாம்!

தொழில் கற்றுக்கொடுக்கிறோம் என்று பள்ளிக்கு வருகிறவர்கள் மேல் எனக்கு உள்ள கோபமும் இதுதான். போன வருடம் போட்டிக்கு வந்த நடுவர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே, “இதை எப்படி இந்தியா முழுக்கக் கொண்டுபோவே?” என்று கேட்டார். அடுத்த வாரம் உரிக்க ஆள் உண்டா என்று கேட்டிருக்கலாம்.

ஒரு பையன் வருடம் 365 நாளும் தினம் 100 டப்பா சாக்லேட் விற்பதாக எழுதியிருந்தான். 2024 மே மாதம், மலையேறும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, சனி ஞாயிறில் 6,000 வண்டிகள்தான் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. அவன் அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். சீசன் எத்தனை நாள் என்று வீட்டிலேயே கேட்டிருக்கலாம்.

ஊறுகாய்க்காரி விடவில்லை. ஏரிப் பக்கம் இரண்டு கடை ஏறி இறங்கினாள். விற்ற பிறகுதான் காசு, அதிலும் கால்வாசி கமிஷன் என்றார்கள். கடையே வேண்டாம், டீச்சர்களிடமும் ஊர்க்காரர்களிடமும் முன்பணம் வாங்கி 20 பாட்டில் மட்டும், விலை 150 என்று திருத்தி எழுதியிருக்கிறாள். கூலிக்குத் தனி வரி, அம்மா பெயரும் அப்பத்தா பெயரும் போட்டு.

அதை வீட்டில் காட்டினாளாம். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “அப்பத்தாவுக்கும் நானூறா? அது பாதி நேரம் தூங்குச்சேடி!”