இசப்கோலுக்குத் தண்ணீர் வேண்டும்

போன மாதம் அப்பா, மலச்சிக்கலுக்கு வாங்கிவைத்த இசப்கோல் (நார்ச்சத்துள்ள விதை உமி) டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். "மூணு நாளா சாப்பிடறேன், வயிறு இன்னும் கல்லு மாதிரி இருக்கு."

"எப்படிக் குடிச்சீங்க?" என்று கேட்டேன். இரண்டு ஸ்பூன் உமியை அரை டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, பேப்பரைப் படித்து முடித்து வந்து குடித்தாராம். குடித்தார் என்பதே தப்பு. அதற்குள் அது பசை மாதிரி இறுகி ஸ்பூன் நட்டுக்கொண்டு நின்றிருக்கும், தின்றிருப்பார். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று சாயங்காலத்துக்கு மேல் சொட்டுத் தண்ணீர் தொடவும் மாட்டார்.

இசப்கோல் பேதி மருந்து இல்லை. குடலை உதைத்துத் தள்ளாது. தண்ணீரை உறிஞ்சி வழவழவென்று ஊதும். மற்ற நார்கள் பலவற்றைப்போலப் பெருங்குடலில் சீக்கிரம் நொதித்துக் காணாமல் போகாமல், அந்த ஈரத்தைக் கடைசிவரை பிடித்துவைத்து மலத்தை இளக்கும். தண்ணியாகப் போகிறவர்களுக்கும் இதையே கொடுப்பது அதனால்தான். மிச்ச நீரை வாங்கிக்கொள்ளும். உறிஞ்ச நீரே இல்லாவிட்டால்? அடைப்புதான். தொண்டையிலேயே சிக்கிக்கொள்வதும் உண்டு.

அப்பா எதிர்பார்த்தது நிலாவாரை என்ற பேதி மூலிகை செய்கிற வேலையை. ராத்திரி போட்டால் காலையில் கலகலவென்று போகும். வெளிநாட்டுச் சந்தையில் அதற்குத் 'தின்னவேலி சென்னா' என்றே பெயர், நம் திருநெல்வேலிச் சரக்கு. எப்போதாவது நாலு நாளைக்குச் சரி. ஆனால் அது குடலைத் தூண்டிவிட்டு வேலை வாங்கும் ரகம். 'இயற்கை நார்ப்பொடி' என்று விற்கும் கூட்டுப்பொடிகள் சிலவற்றிலும் சென்னா, சோனாமுகி என்ற பெயரில் இதுதான் இருக்கிறது. லேபிளைப் படியுங்கள்.

(இசப்கோல் குஜராத், ராஜஸ்தான் பயிர். பாரசீகத்தில் குதிரைக்காது என்று பொருள். விதையைப் பார்த்தால் புரியும்.)

அப்பாவுக்கு இப்போது இசப்கோல் ஒரு ஸ்பூன்தான், சுமார் 5 கிராம். பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கின கையோடு குடித்துவிட வேண்டும், பின்னாலேயே இன்னொரு டம்ளர் வெறும் தண்ணீர். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி. முதல் வாரம் கொஞ்சம் வயிறு உப்பும், பயப்பட வேண்டாம். விழுங்கச் சிரமப்படுபவர்கள் இதைத் தொடவே கூடாது. இருதயம், சிறுநீரகக் கோளாறால் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, 50 வயதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது, இதற்கெல்லாம் உமி பதில் இல்லை, பரிசோதனைதான்.

புது டப்பா வாங்கி வைத்தேன். ஐந்தாம் நாள் அப்பா எதுவும் சொல்லவில்லை, பேப்பரோடு உள்ளே போனவர் சீக்கிரமே வெளியே வந்தார். அந்த இரண்டாவது டம்ளருக்குத்தான் இன்னும் தினமும் சண்டை.