பிசா பட்டியலில் நாம் எத்தனையாவது?

பல நாடுகளின் மாணவர்களை ஒப்பிடும் பிசா (PISA) தேர்வின் முடிவுகள் வெளிவரும்போதெல்லாம் மலேசியாவில் நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன: "சிங்கப்பூரைப் பாருங்கள்", "வியட்நாம்கூட நம்மை முந்திவிட்டது". 2022ஆம் ஆண்டுத் தேர்வில் கணிதத்தில் சிங்கப்பூர் 575, வியட்நாம் 469, மலேசியா 409 புள்ளிகள் பெற்றன என்பது உண்மைதான். ஆனால், இந்த எண்களை வரிசைப்படுத்தி நம் இடத்தைப் பார்த்ததோடு பேச்சு முடிந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

பிசா சோதிப்பது பதினைந்து வயதினரை, அதிலும் பள்ளியில் இருப்பவர்களை மட்டும். வியட்நாமில் 2015இல் அந்த வயதினரில் ஏறத்தாழப் பாதிப்பேரே தேர்வின் வரம்புக்குள் வந்தனர். 2022இல்கூட மூன்றில் இரண்டு பங்கினர்தாம். பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விட்ட பிள்ளையின் புள்ளி எந்தச் சராசரியிலும் சேராது. 2018இல் முதலிடம் பிடித்த 'சீனா' என்பதும் பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, செஜியாங் ஆகிய நான்கு பகுதிகள் மட்டுமே. மலேசியாவும் விதிவிலக்கல்ல: 2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் போதிய எண்ணிக்கை பங்கேற்காததால் நம் முடிவை மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாமல் போனது.

இவற்றைச் சாக்காகக் கொள்ளவும் முடியாது. நம்மை நம்மோடே ஒப்பிட்டாலும் நிலைமை கவலைக்குரியதுதான். பிசா கணிதத்தில் 2018இல் பெற்ற 440 புள்ளிகள் 2022இல் 409 ஆயின. இரண்டாம் படிவ (எட்டாம் வகுப்பு) மாணவர்கள் எழுதும் டிம்ஸ் (TIMSS) என்ற பன்னாட்டுக் கணிதத் தேர்வில் 1999இல் 519 பெற்றிருந்த நாம் 2023இல் 411க்கு இறங்கினோம். பழியைப் பெருந்தொற்றின் தலையில் கட்டிவிடலாம் என்றால், 2011இலேயே 440க்குச் சரிந்திருந்தோமே!

தரவரிசையைவிட என்னை உறுத்தும் எண் 41. நம் மாணவர்களில் அத்தனை விழுக்காட்டினரே 2022இல் கணிதத்தில் இரண்டாம் நிலையை எட்டினர். பிசாவை நடத்தும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் (OECD) உறுப்பு நாடுகளின் சராசரி 69 விழுக்காடு. இரண்டாம் நிலை என்பது பெரிய வித்தையன்று. எளிய அன்றாடச் சூழலைத் தானாகவே கணக்காக மாற்றத் தெரிவது. பிசா வெளியிட்ட பழைய கேள்வி ஒன்றைச் செந்தூலில் டியூஷன் படிக்கும் மூன்றாம் படிவ மாணவனிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரே தடிமனுள்ள இரண்டு பீட்சாக்கள், 30 சென்டிமீட்டர் விட்டமுள்ளதன் விலை 30, 40 சென்டிமீட்டர் விட்டமுள்ளதன் விலை 40, எது லாபம்? வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிக்கும் அந்தப் பிள்ளை, "இதற்கு எந்தச் சூத்திரம், டீச்சர்?" என்று கேட்டான். பரப்பளவு என்ற சொல் கேள்வியில் இல்லாததுதான் அவனுக்குச் சிக்கல். அதைச் சொன்னதும் நொடியில் பெரியதே லாபம் என்று கணக்கிட்டுக் காட்டினான்.

இந்த முடிவுகளை வைத்துத் தமிழ்ப்பள்ளிகளைப் பழிப்போரும் உண்டு, புகழ்வோரும் உண்டு. தமிழ்ப்பள்ளிகள் தொடக்கப்பள்ளிகளே; பதினைந்து வயதில் நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் இருக்கிறார்கள். தேர்வை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுகிறார்கள். நாட்டின் ஒற்றைச் சராசரியிலிருந்து தமிழ்ப்பள்ளியைப் பற்றி எதையும் பிரித்தெடுக்க இயலாது.

ஒப்பீடே வேண்டாம் என்பது இன்னொரு தப்பித்தல். பிசா 2009 சுற்றில் பங்கேற்ற தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பட்டியலின் அடியில் நின்றபின், கேள்விகள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி அடுத்த சுற்றுகளிலிருந்து இந்தியா ஒதுங்கிக்கொண்டது. நாம் ஒதுங்கவில்லை, அது நல்லதே. ஆனால், நமது 2013-2025 கல்விப் பெருந்திட்டம் பதினைந்து ஆண்டுகளில் உலகின் முதல் மூன்றில் ஒரு பங்கு நாடுகளுக்குள் வருவதை இலக்காக வைத்தது. இடத்தை இலக்காக்காமல், இரண்டாம் நிலையை எட்டாத பிள்ளைகளின் விழுக்காட்டைக் குறைப்பதை இலக்காக்கியிருந்தால், அந்த டியூஷன் மாணவனைப் போன்றவர்களைப் பற்றிக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் நாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.