சூனியம் என்றால் ஒன்றுமில்லை என்பதா?

தியானம் பழகுகிறேன் என்றபோது மகிழ்ந்த என் பெரியம்மா, இப்போது சூனியத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றதும் முகம் மாறி, "யாருக்குடா வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பௌத்தத்தின் மிக நுட்பமான சொல் நம் வழக்கில் செய்வினையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. படித்தவர்களின் பிழைதான் அதைவிடப் பெரியது. 'எல்லாம் பொய், எதுவுமே இல்லை' என்று அதற்குப் பொருள்கொண்டு, அதையே ஞானமாகவும் பேசித் திரிகிறார்கள்.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 121ஆவது சூத்திரத்தில் புத்தர் இதை விளக்கத் தொடங்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. சாவத்தி நகரில், அவருடைய அடியாரான விசாகை கட்டித்தந்த மாளிகையில் தங்கியிருக்கும்போது, சீடர் ஆனந்தர் சூனியத்தைப் பற்றிக் கேட்கிறார். புத்தரோ எங்கும் போகாமல், தாம் இருக்கும் கட்டடத்தையே எடுத்துக்கொள்கிறார். இங்கே யானை இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை, பொன்னும் வெள்ளியும் இல்லை, ஆண் பெண் கூட்டமும் இல்லை. பிக்கு சங்கம் மட்டும் இருக்கிறது. இல்லாததை இல்லை என்று காண வேண்டும், எஞ்சியிருப்பதை இருக்கிறது என்றே அறிய வேண்டும் என்கிறார். அங்கிருந்து ஊர், காடு, நிலம் என ஒவ்வொன்றாகக் கடந்து மிக உயர்ந்த நிலைக்குப் போன பிறகும், மனத்தையும் சேர்த்து ஆறு புலன்களோடு கூடிய இந்த உடல் எஞ்சியிருப்பதை அவர் மறுப்பதில்லை. ஆக, சூனியம் என்றவுடன் 'எதில், எது இல்லை?' என்று கேட்டாக வேண்டும்.

எனக்கு இது பிடிபட்டது முழங்கால் வலியில்தான். அசையாமல் அமர்ந்து நாற்பது நிமிடம் ஆனபோது, வலி முழங்காலைப் பிடித்து முறுக்கியது. எழுந்துவிடலாம் என்ற எண்ணத்தைச் சற்றுத் தள்ளிவைத்து உற்றுப் பார்த்தேன். முதலில் சூடு, அடுத்து ஓர் இழுப்பு, பிறகு துடிப்பு, நடுவில் ஒன்றுமே இல்லாத ஒரு கணம், மறுபடியும் சூடு. 'என் வலி' என்று நான் பெயரிட்டிருந்த அந்த ஒற்றைப் பொருளை மட்டும் எவ்வளவு தேடியும் காணவில்லை. சூடு இருந்தது, துடிப்பும் இருந்தது. அவற்றைக் கட்டி ஆளும் ஒருவன்தான் அங்கே இல்லை. (கால் மரத்துப்போனதும் உண்மை, எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டேன்.)

நமக்கு இது அயல் சரக்கும் அல்ல. மணிமேகலையின் இறுதிக் காதை, பேதைமை தொடங்கி ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகளைச் சொல்லிச் செல்கிறது. அதே காதையில், வித்து, முளை, தாள் என்று மாறிக்கொண்டே போகும் தொடர்ச்சியை நாம் 'நெல்' என்று வழங்குகிறோம் என ஓர் உவமையும் வருகிறது. நெல் பொய்யில்லை, சோறாகிறது. ஆனால் வித்து முதல் தாள் வரை மாறாமல் நிற்கும் 'நெல்' என்று ஒன்று எங்கும் இல்லை. சார்ந்து தோன்றுவதையே சூனியம் என்கிறோம் என்று பௌத்த தத்துவ ஆசிரியர் நாகார்ச்சுனர் கூறுவதும் இதைத்தான். தவறாகப் பற்றிய சூனியம் தவறாகப் பிடித்த பாம்பைப் போல அழிக்கும் என்று எச்சரித்தவரும் அவரே.

1979இல் ஜான் கபாட்-சின் அமெரிக்க மருத்துவமனையொன்றில் விழிப்புநிலைப் பயிற்சியை (மைண்ட்ஃபுல்னெஸ்) நோயாளிகளுக்குக் கொண்டுசென்றதில் எனக்குக் குறையில்லை. வலியோடு வாழ்பவர்களுக்கு அது உதவியிருக்கிறது. அதையே இன்று அலுவலகங்களில் ஒரு மணி நேர வகுப்பாக்கி, மூச்சைக் கவனியுங்கள், வேலை நன்றாக ஓடும் என்று சொல்வதுதான் உறுத்துகிறது. அமர்ந்து பார்ப்பவன் யார் என்ற கேள்வியை எடுத்துவிட்டால், அந்தப் பயிற்சி 'நான்' என்பதற்கே எண்ணெய் போட்டுத் தருகிறது.

பெரியம்மாவுக்கு இப்போதெல்லாம் நெல்லைச் சொல்லித்தான் விளக்குகிறேன். நாற்று நட்டு வளர்ந்தவர் அவர். முழுவதும் கேட்டுவிட்டு, "இது தெரிஞ்ச சங்கதிதானே, இதுக்கா கால் மரத்துப்போற வரைக்கும் உக்காந்திருந்தே?" என்றார்.